அபார்ட்மென்ட் கேட்டில் வண்டிகளைக் கவனிக்க எது நல்லது: நோட்டா, டேக்கா, கேமராவா, ஆப்பா?

பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டில் முந்நூறு வீடுகளுக்கு மேல். உள்ளே வரும் வண்டிகளை எப்படிக் கவனிப்பது என்று சங்கக் கூட்டங்களில் பல மாதம் பேசினோம். ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் நம்மூர்க்காரர்கள் இதையே கேட்பதால் எழுதுகிறேன்.

நோட்டும் ஸ்டிக்கரும்தான் பழைய முறை. செலவு கிடையாது, கரன்ட் போனாலும் வேலை நடக்கும். ஆனால் வீட்டைக் காலி செய்தவர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் போவதில்லை. காரை விற்றால் ஸ்டிக்கரும் கூடவே போய்விடுகிறது. அவசரத்தில் நோட்டில் எழுதிய நம்பரைப் பிறகு படிக்கவும் முடியாது. இருபது வீடு இருக்கும் இடத்துக்கு இது போதும். செக்யூரிட்டிக்கே எல்லார் முகமும் தெரியும்.

பெரிய குடியிருப்புக்கு, காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் நல்ல வழி. அதற்குள் பேட்டரி கிடையாது. கேட்டில் இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையை வாங்கிக்கொண்டே தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஃபாஸ்டேகும் இதே நுட்பம்தான். 2021 பிப்ரவரியிலிருந்து நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம் என்பதால் பெரும்பாலான கார்களில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதையே கேட்டிலும் பதிந்துகொள்ளலாம் என்றபோது, பணம் எடுத்துவிடுமோ என்று பலர் பயந்தார்கள். எண்ணை மட்டும் படித்தால் பணம் போகாது. ஆனாலும் நான் தனி டேக்கைத்தான் சொல்வேன். ஒருவர் வங்கியை மாற்றினால் ஃபாஸ்டேகும் மாறும், சங்கத்துக்குச் சொல்ல மறப்பார், காலை எட்டரை மணி நெரிசலில் கேட் திறக்காது. சங்கம் கொடுத்த டேக் என்றால், வீடு காலியான அன்றே நிறுத்திவிடலாம்.

டேக்குக்கும் குறை உண்டு. இரண்டு டேக்கை ஒட்டினாற்போல் வைத்தால் ரீடர் தடுமாறும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியில் சரியாகப் படிக்காது. பைக்குக்கு முன்கண்ணாடியே இல்லை, ஹெட்லைட்டில் ஒட்டும் தனி வகை வாங்க வேண்டும். முன்னால் போகும் காரை ஒட்டிக்கொண்டே இன்னொரு கார் நுழைந்தால் டேக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்கு வண்டியில் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு பிளேட் இருப்பதால், ஒரே மாதிரி எழுத்து, படிப்பது சுலபம். சேறு அப்பிய பிளேட்டிலும், கன்னட எண்கள் எழுதிய பழைய பிளேட்டிலும்தான் தடுமாற்றம். 8-ஐ B என்று படித்தால் வீட்டுக்காரரே வெளியே நிற்பார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எப்போது திரும்பினார் என்பது முழுவதும் அந்தக் கேமராவிடம் சேரும். இரவு ஷிப்ட் போகும் பெண்கள் இதைக் கூட்டத்தில் கேட்டார்கள், கேட்டது நியாயம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பது என்று எழுதி வைக்காமல் கேமரா வாங்காதீர்கள்.

ஆப் விருந்தாளிகளுக்கானது. வந்தவர் பெயரைச் செக்யூரிட்டி ஆப்பில் தட்டினால், உள்ளே விடலாமா என்று நம் போனில் கேட்கும், சரி என்றால் விடுவார். போன் சைலன்ட்டில் இருந்தால்தான் கஷ்டம். ஓசூரிலிருந்து டி.என். 70 வண்டியில் வந்த என் மாமனார் அரை மணி நேரம் கேட்டில் காத்திருந்தார். செக்யூரிட்டி தம்பி அஸ்ஸாம்காரர், மாமாவுக்குத் தமிழும் கொஞ்சம் கன்னடமும்தான் தெரியும். இன்டர்காமில் கூப்பிடலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் வீட்டுக்காரர் கார்களுக்கு டேக், விருந்தாளிக்கு ஆப்போடு இன்டர்காம் என்று வைத்தோம். கேமரா பதிவுக்கு மட்டும். கேட்டைத் திறக்கும் வேலை அதற்கு இல்லை, முப்பது நாளில் பதிவு அழியும். மிஷின் வந்துவிட்டதே, இரவு ஒரு ஆளைக் குறைக்கலாம் என்றார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் டேக்கும் கிடையாது, ஆப்பும் கிடையாது. தடுப்புக் கட்டையைக் கையால் தூக்க இரவிலும் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா ஷிப்ட் ஆட்களிடமும் அந்தக் கட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறோம்.