நிழல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்: சித்திரை வெயிலில் யாழ்ப்பாணம்

ஊருக்குப் போய் வந்தவர்களிடம் வெயில் எப்படி என்று கேட்டால் 34 பாகை, 35 பாகை என்று எண்ணைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அந்த எண் பாதிக் கதைதான். சுற்றிவரக் கடல், நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கடல்நீரேரிகள். காற்றில் ஈரம் குறைவதே இல்லை. 32 பாகை வெப்பத்தோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்பு அதை 41 பாகையாக உணரும் என்கிறது வானிலையாளர்களின் வெப்பச் சுட்டெண் அட்டவணை. வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வையால் உடம்பு குளிராது. இரவிலும் பெரிய மாற்றமில்லை. விடிகாலை மூன்று மணிக்கும் தலையணை ஈரமாகத்தான் இருக்கும்.

நோர்வேயிலிருந்து, எழுபது வயதைத் தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு, சித்திரைப் புத்தாண்டுக்குப் போய் வைகாசி வரை நின்றேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, காணி உறுதி, அம்மாவின் பழைய வங்கிக் கணக்கு, பல் வைத்தியம் என்று நீண்ட பட்டியல் கையில் இருந்தது. அடுத்த கோடையில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேவைகளை அளக்க நான் வைத்திருந்த கோல் ஒன்றுதான்: காத்திருக்கும் இடத்தில் நிழல் இருந்ததா?

கோடை என்றதும் ஒஸ்லோக்காரர் மனதில் வருவது நீண்ட பகல். ஜூன் 21ஐ ஒட்டி அங்கே காலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் எழும்பிவிடும், இரவு 10.40 தாண்டித்தான் மறையும். ஏறக்குறைய 19 மணி நேரப் பகல். தடித்த திரைச்சீலை இல்லாமல் தூங்க முடியாது. வேலை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆறுதலாக வெளியே கிளம்பலாம். யாழ்ப்பாணத்தின் மிக நீண்ட பகலோ 12 மணி 40 நிமிடம் அளவுதான். மாலை ஆறரைக்குச் சூரியன் விழுந்தால் அரை மணிக்குள் இருட்டு. அந்தப் பன்னிரண்டரை மணியிலும் முற்பகல் பத்தரையிலிருந்து பிற்பகல் நான்கு வரையான பொழுதை வெயில் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் மனிதர் நடமாட வேண்டும்.

அதிலும் நாங்கள் போயிருந்தது சூரியன் நேர் உச்சிக்கு வரும் பருவம். ஏப்ரல் முற்பாதியில் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து, புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அது யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. ஓகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு தடவை வரும். நண்பகல் 12.10 அளவில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் கிடையாது. வீதியோரம் மதில் நீளமாகப் போகும். அதன் நிழலோ அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும், ஒரு பூனை படுக்கவும் போதாது.

தன் தொழிலைத் தானே நடத்துகிறவர்கள் எல்லோரும் இதற்கு ஏற்பத்தான் வாழ்கிறார்கள். வெங்காயத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகிறவர் விடியுமுன் இறங்கிவிடுகிறார். திருநெல்வேலிச் சந்தையில் நல்ல மரக்கறி வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். டியூட்டரிப் பிள்ளைகள் ஆறு மணிக்கே சைக்கிளில் பறக்கிறார்கள். அலுவலகங்கள் மட்டும் எட்டரைக்குக் கதவு திறந்து, வெயில் கொளுத்தும் மணித்தியாலங்கள் முழுவதையும் தமக்கென எடுத்துக்கொண்டு, வெயில் தணியும்போது மூடுகின்றன. சித்தியின் அறிவுரை சுருக்கமானது: “கதவு திறக்க முன்பே போய் நில் தம்பி, பத்து மணிக்குள் வேலை முடியாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடு.”

அந்த அறிவுரை எல்லா இடத்திலும் செல்லவில்லை. ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். டோக்கன் கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் தகரக் கூரை, அதன் கீழே பிளாஸ்டிக் கதிரைகள். பத்து மணிக்குத் தகரம் காய்ந்து கீழே அனலை இறக்கத் தொடங்கியது. முப்பது அடி தள்ளி வளவுக்குள் அருமையான வேம்பு நிற்கிறது. நல்ல குளிர்ந்த நிழல். ஆனால் அங்கே இருந்தால் உள்ளே கூப்பிடும் பெயர் காதில் விழாது. பெயர் கேட்கும் இடத்தில் நிழல் இல்லை, நிழல் உள்ள இடத்தில் பெயர் கேட்காது. ஆகவே மக்கள் தாங்களே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்: குடும்பத்துக்கு ஒரு இளந்தாரி தகரத்தின் கீழே, வயதானவர்கள் வேம்பின் கீழே, பெயர் கூப்பிட்டதும் இவன் கையைக் காட்டுவான். தனியாக வந்த முதியவர்களுக்காகக் காவலாளியே ஓடிப்போய்ச் சொன்னார். அந்த மனிதருக்கு அது கடமையில்லை. ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை மரத்தடியில் மாட்ட என்ன செலவாகும் என்று எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன், சிரித்தார்.

இன்னொரு அலுவலகத்தில் கூரை உயரம், மின்விசிறிகள் சுழன்றன, குடிதண்ணீர் இருந்தது, இலக்கம் பலகையில் ஒளிர்ந்தது. வேலை அங்கே வேகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் யாரையும் ஏசவில்லை. வங்கிகளில் ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது; கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த யன்னலுக்கும் போகாமல் அரை மணி நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போகும் ஐயாமாரைக் கண்டேன். ஊழியர்களும் கண்டும் காணாததுபோல விடுகிறார்கள். நான் கண்ட மிகச் சிறந்த வாடிக்கையாளர் சேவை அதுதான்.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம், நிழல் கொடுப்பதில் யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் கெட்டிக்கார ஊர். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது: வீதிக்கு மேலாலே கூரை, இரு பக்கமும் கல்லால் கட்டிய திண்ணை, நடுவால் போக்குவரத்து. வழிப்போக்கன் எந்தக் கதவையும் தட்டத் தேவையில்லை, நடந்துவந்து அப்படியே இருக்கலாம். பழைய வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே சிறு கூரை, அதன் கீழே இருக்கை, பக்கத்தில் தண்ணீர்ப் பானை. பாரத்தோடு வருகிறவன் குனியாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல், அவை தண்ணீர் குடிக்கக் கேணி. இதற்கெல்லாம் திட்ட அறிக்கை எழுதியவர் யாருமில்லை. செத்தவர் பெயரில் ஒரு தருமம் என்று கட்டினார்கள்.

இப்போது வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளைப் பாருங்கள். என் சொந்தக்காரரின் வீடுகளும் இதில் அடக்கம், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். தட்டையான கொங்கிறீற் கூரை, மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி, முற்றம் முழுவதும் சீமெந்துக் கல், நின்ற மாமரம் தறித்தாயிற்று. நடுமுற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள நாற்சார் வீட்டில் சூடான காற்று மேலே எழும்பி வெளியேறும். தாழ்வாரம் சுவரில் வெயில் படாமல் காக்கும். புதிய வீட்டின் கூரையோ பகல் முழுவதும் தோசைக்கல்லாகக் காய்ந்து, இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கீழே விடுகிறது. பிறகு அறைக்கொரு ஏ.சி. பூட்டிவிட்டு மின்கட்டணத்தைப் பற்றி வட்ஸ்அப்பில் புலம்புகிறோம். குளிரை வெளியே வைக்கக் கட்டிய வடிவத்தை ஒன்பதரைப் பாகை அட்சரேகைக்குக் கொண்டுவந்து வைத்தால் வேறென்ன நடக்கும்?

விடுதி எடுப்பவர்களுக்கும் இதே கதை. மேல் மாடி அறையிலிருந்து நல்லூர்க் கோபுரம் தெரியும் என்பார்கள். தெரியட்டும், கீழ்த்தளத்து அறையைக் கேளுங்கள். ஏ.சி. உள்ள அறைக்கும் மின்விசிறி அறைக்கும் வாடகை வேறு. மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி ஏ.சி.யையும் இயக்குமா, விளக்கையும் மின்விசிறியையும் மட்டும்தானா என்பதை முன்பணம் கொடுக்க முதல் கேளுங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் அது விளக்குகளோடு நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் இன்னொரு விசித்திரம். கூரையில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தாங்கியிலிருந்து பிற்பகலில் வருவது கொதிநீர். குளிப்பதென்றால் விடியற்காலை, அல்லது கிணறு. கிணறு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு அடியிலிருந்து வரும் தண்ணீர் சித்திரையிலும் குளிராகத்தான் இருக்கிறது. குடிப்பதற்கு மட்டும் போத்தல் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ பாவியுங்கள். ஆறில்லாத குடாநாடு நிலத்தடி நீரையே நம்பியிருந்ததால் அதில் உப்பும் நைத்திரேற்றும் பழைய பிரச்சினைகள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஆனாலும் நாங்கள் போன வீடுகளில் தேநீருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான்.

இவ்வளவு வெயிலையும் மின்சாரமாக்கலாமே என்று கேட்பீர்கள். ஆக்குகிறார்கள், கூரைக்குக் கூரை சூரியத் தகடுகள் மின்னுகின்றன. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2025 புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் மூன்று மணி வரை தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை நாடு முழுவதும் கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடிக்கிடந்ததால் மின்தேவை விழுந்து, கட்டமைப்பின் சமநிலை குலையும் என்பது காரணம். சரியான காரணந்தான். ஆனாலும் உச்சிச் சூரியனுக்குக் கீழே தகடுகளை அணைத்துவிட்டு இருப்பது கொஞ்சம் கொடுமை.

குடிப்பதில் குறையே இல்லை. வீதியோரத்தில் நுங்கு, வத்தகப்பழம், சீனி தூவிப் பிசைந்த வெள்ளரிப்பழம். கருப்பணி வேண்டுமானால் காலையில் தேடுங்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் பனையிலிருந்து இறக்கிய, புளிக்காத பதநீர்தான் கருப்பணி, பொழுது ஏறிய பிறகு கிடைப்பதைக் கவனித்துக் குடியுங்கள். சர்பத்தில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீர் என்று தெரியாத இடத்தில் நான் மோருக்கு மாறிவிட்டேன். உப்பும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்ட மோர் இழந்த உப்பைத் திருப்பித் தருகிறது, விலையும் குறைவு. நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிரீம் கடைகளுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு போனால் இருக்க இடம் கிடைக்காது. பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள், மின்விசிறியின் கீழே மேசை கிடைக்கும், எழும்பச் சொல்லி யாரும் பார்க்க மாட்டார்கள். கறுத்தக் கொழும்பான் மாம்பழம் பழுக்கத் தொடங்கியபின் நாங்கள் மதியச் சாப்பாட்டையே குறைத்துவிட்டோம்.

பஸ்ஸில் எந்தப் பக்கம் இருப்பது என்பதை யோசித்து ஏறுங்கள். காலையில் காங்கேசன்துறைப் பக்கம், அதாவது வடக்கே, போவதானால் இடது பக்கம் நிழல்; பின்னேரம் அதே திசையில் வலது பக்கம். திரும்பி வரும்போது மாறும். கொழும்பிலிருந்து வருவதற்கு 87ஆம் இலக்க இரவு பஸ் நல்லது, ஆனால் ஏ.சி. பஸ்ஸில் போர்வை கட்டாயம். யாழ்ப்பாணப் பயணத்தில் நான் குளிரில் நடுங்கியது அந்த பஸ்ஸில் மட்டும்தான். ஆட்டோக்காரர்கள் நண்பகலில் மரத்தடியை விட்டு அசைய விரும்புவதில்லை. நான் குறை சொல்ல மாட்டேன்.

மருந்து எடுப்பவர்கள் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றும். புறப்பட முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். இன்சுலினை ஆட்டோவிலோ நிறுத்தி வைத்த வாகனத்திலோ விடாதீர்கள். ஜீவனி என்ற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் பொட்டலங்கள் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கின்றன, பையில் இரண்டு இருக்கட்டும். வெயிலில் நின்ற ஒருவர் தடுமாறிப் பேசினாலோ உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ ஈரத்துணியும் காற்றுமாகக் குளிர்வித்துக்கொண்டே 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். அம்மாவுக்கு வந்தது வேர்க்குருவோடு நின்றது.

கீரிமலைக்கு விடியவே போனோம். கடலுக்கு ஒரு முழம் தள்ளி நன்னீர் ஊறும் கேணி, பெண்களுக்கு மறைவான தனிக்கேணி. எட்டு மணிக்குப் பிறகு வரும் வான்களின் கூட்டத்துக்கு முன் குளித்து முடித்துவிடலாம்.

வைகாசிக் கடைசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பியது. காற்று வந்ததும் வியர்வை காய்கிறது, புழுதியும் வருகிறது, கொடியில் போட்ட உடுப்பு செம்மண் நிறமாகிறது. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காற்றுத்தான் துணை. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும், செருப்பில்லாமல் சுடுமணலில் நடக்க வேண்டியிருக்கும். வயதானவர்களைத் தேருக்குக் கூட்டிப் போவதானால் விடியுமுன் போய்த் தண்ணீர்ப் பந்தலுக்கு அருகே இடம்பிடித்துவிடுங்கள். அலுவலக வேலைகளை அந்த இருபத்தைந்து நாட்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அறை வாடகையும் அப்போதுதான் ஏறும்.