ஓர் ஆளுநரின் வீழ்ச்சியைப் பாடமாக்கிய கும்பகோணத்துச் சனிக்கிழமை வகுப்பு

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, துணிக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் இந்தப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில், சனிக்கிழமை மாலைகளில் அறவியல் தாளுக்கான வழக்காய்வு வகுப்பு நடக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 250 மதிப்பெண் கொண்ட அந்தத் தாளுக்கு, பல மையங்கள் சான்றோர் பொன்மொழிகளை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. இங்கே உண்மையில் நடந்த வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மாலை முழுவதும் அதையே அலசுகிறார்கள். வெளியாரும் 100 ரூபாய் செலுத்தி அமரலாம். நான் அமர்ந்த அன்று எடுத்துக்கொண்ட வழக்கு, அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநராக இருந்த ராட் பிளகோயவிச்சினுடையது.

பாடம் நடத்தியவர் நெடுங்காலம் நீதிமன்றங்களில் வழக்காடிய மூத்த வழக்கறிஞர். நம் ஆளுநர் அரசியலமைப்பின் 155ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர் என்பதையும், அங்கே ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அரசை நடத்துபவர் என்பதையும் முதலில் தெளிவுபடுத்தி, அவருடைய அதிகாரத்தை நம் முதலமைச்சரின் அதிகாரத்தோடு ஒப்பிட்டு எடைபோடுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த அடித்தளம் இல்லாமல் பின்னால் வந்த எதுவும் விளங்கியிருக்காது.

செர்பியாவிலிருந்து குடியேறிய எஃகு ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, அரசு வழக்கறிஞராகி, செல்வாக்குள்ள சிகாகோ மாமன்ற உறுப்பினர் ஒருவரின் மகளை மணந்து, மாநிலச் சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று ஏறி, 2002 தேர்தலில் ஆளுநரானவர் பிளகோயவிச். அவருக்கு முன்பு ஆளுநராக இருந்த ஜார்ஜ் ரயனின் பெயர், லஞ்சத்துக்கு ஓட்டுநர் உரிமம் வழங்கிய ஊழலில் கெட்டுப்போயிருந்ததால், நேர்மையான ஆட்சி தருவேன் என்ற வாக்குறுதி இவருக்கு எளிதாகக் கைகொடுத்தது. குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கியதையும், முதியோருக்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தந்ததையும் ஆசிரியர் மறைக்காமல், நேரம் ஒதுக்கியே சொன்னார்.

இந்த வகுப்பின் உயர்ந்த பகுதி இதற்குப் பின்தான் வந்தது. கையில் கொடுத்த நகல் கட்டில் இடப்பக்கம் காப்பீட்டுத் திட்டத்தின் சுருக்கம். வலப்பக்கம் சிகாகோவின் குழந்தைகள் மருத்துவமனை பற்றிய குற்றச்சாட்டு. சிறப்பு மருத்துவர்களுக்கு அரசு தரும் கட்டணத்தை உயர்த்த ஏறக்குறைய 80 லட்சம் டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்ட அதே ஆளுநர், மருத்துவமனைத் தலைவரிடமிருந்து 50,000 டாலர் தேர்தல் நிதி வரவேண்டும் என்று எதிர்பார்த்து, அது வராதபோது அந்த உயர்வை நிறுத்திவைத்தார். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. "தின்றாலும் ஊருக்குச் செய்கிறாரே" என்று நம் டெல்டா ஊர்களின் டீக்கடைகளில் நாள்தோறும் கேட்கும் சமாதானத்துக்கு இதைவிட நேரான பதிலை நான் எங்கும் கண்டதில்லை.

2008 டிசம்பர் 9 அதிகாலையில் அவர் தம் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். ஒபாமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் காலியான செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) இடத்துக்கு ஆளை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்ததும், அதற்கு என்ன கிடைக்கும் என்று அவர் பேரம் பேசியது தொலைபேசி ஒட்டுக்கேட்பில் பதிவானதும் விளக்கப்பட்டபோது, வலங்கைமானிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, "பணம் கை மாறவே இல்லையே சார், பிறகு எப்படிக் குற்றமாகும்?" என்று கேட்டார். "கேட்டதே குற்றம்தான் அம்மா" என்ற ஆசிரியர், 1988ஆம் ஆண்டின் நம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவை உடனே எடுத்து, பெறுவதோடு பெற முயல்வதும் அதில் அடங்குவதை வரி வரியாகப் படிக்க வைத்தார். தேர்வுக்கு மட்டுமல்லாமல், நாளை ஓர் அலுவலகத்தில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

மாநில மேலவை 2009 ஜனவரி 29 அன்று 59க்கு 0 என்ற வாக்கில் அவரைப் பதவிநீக்கம் செய்ததும், 2010இல் நடந்த முதல் விசாரணையில் 24 குற்றச்சாட்டுகளில் ஒன்று மட்டுமே நிரூபணமானதும், 2011இன் மறுவிசாரணையில் 20இல் 17 நிரூபணமாகி 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும் சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லப்பட்டன.

குறை அதன் பிறகுதான். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து குற்றத்தீர்ப்புகளை ரத்து செய்தது. ஒரு நியமனத்துக்கு ஈடாக அமைச்சர் பதவி கேட்பது வழக்கமான அரசியல் கொடுக்கல் வாங்கல், பணம் கேட்பது வேறு என்பதே அதன் பார்வை. கூட்டணிப் பேரங்களைப் பார்த்தே வளர்ந்த நம் மாணவர்கள் மணிக்கணக்கில் விவாதித்திருக்க வேண்டிய இடம் இது. ஆசிரியர் அதை இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டார். மறுபடியும் அதே 14 ஆண்டுகள் விதிக்கப்பட்டதும், 2020இல் டிரம்ப் தண்டனையைக் குறைத்து விடுவித்ததும், 2025இல் முழு மன்னிப்பே வழங்கியதும் கடைசி நிமிடங்களில் ஓட்டமாக ஓடின. மன்னிப்பு வந்தால் குற்றம் என்னவாகும் என்று பின்வரிசையில் எழுந்த கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. இந்த வழக்கை இரண்டு வாரங்களாகப் பிரித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நகல்களில் தமிழ்ச் சுருக்கம் தெளிவாக உள்ளது. தீர்ப்புப் பகுதிகளின் அச்சு மங்கலாக இருப்பதைச் சரிசெய்யலாம். கொள்குறி வினாக்களுக்கு மட்டும் படிப்பவர்களுக்கு இந்த வகுப்பு தேவைப்படாது. தொகுதி 1 முதன்மைத் தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் எழுதிப் பழகுபவர்கள் தவறவிடக்கூடாது. வகுப்பு முடிய எட்டு மணிக்கு மேல் ஆகிவிடுவதால், பாபநாசம், வலங்கைமான் பக்கத்து மாணவர்கள் பேருந்தைப் பிடிப்பதற்காக விவாதத்தின் நடுவிலேயே எழுந்துபோகிறார்கள். நான்கு மணிக்கே தொடங்குமாறு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.