கஸிலோடு ஆறு வருடங்கள்

ஓர் ஆன்லைன் கடையின், பிஎச்பி மொழியில் எழுதிய அப்ளிகேஷனைப் பராமரிக்கிறேன். பேமெண்ட், கூரியர் கட்டணம், எஸ்எம்எஸ் என மூன்று வெளிச் சேவைகளோடு அது பேச வேண்டும். முதலில் எல்லாம் நேரடி கர்ல்தான், அதாவது வெளிச் சர்வர்களை அழைக்க பிஎச்பியில் இருக்கும் அடிப்படைக் கருவி. ஃபைலுக்கு ஃபைல் அதே பத்துப் பதினைந்து வரிகள். ஓரிடத்தில், எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்கும் எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே அணைத்து வைத்திருந்தது. அதைப் பார்த்த வாரமே, பிஎச்பி லைப்ரரிகளை நிறுவும் கம்போசர் வழியாக, எச்டிடிபி அழைப்புகளுக்கான லைப்ரரியான கஸிலைக் கொண்டுவந்தோம்.

கோட் நன்றாகவே சுருங்கியது. எனக்கு அதைவிடப் பெரிய லாபம் டெஸ்டில் கிடைத்தது. கஸிலோடு வரும் மாக்ஹேண்ட்லரில் நாமே போலிப் பதில்களை வரிசையாக வைத்துவிடலாம். பேமெண்ட் சர்வர் 500 என்ற பிழையைத் திருப்பினால் ஆர்டர் என்ன ஆகும் என்பதை நெட்வொர்க்கைத் தொடாமலே சோதிக்க முடிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். கஸிலில் டைம்அவுட்டின், அதாவது காத்திருக்கும் நேர வரம்பின், இயல்பு மதிப்பு 0; வரம்பே இல்லை என்று பொருள். பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாலை கூரியர் சேவையின் சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு பதிலே அனுப்பவில்லை. பக்கங்களை உருவாக்கித் தரும் பிஎச்பி ப்ராசஸ்களான எங்கள் எஃப்பிஎம் வொர்க்கர்கள் ஒவ்வொன்றாக அங்கே போய் நின்றுவிட்டன. கூரியருக்குச் சம்பந்தமே இல்லாத முகப்புப் பக்கம்கூடத் திறக்கவில்லை. பிஎச்பியின் 30 விநாடி வரம்பு காப்பாற்றும் என்று நம்பியிருந்தோம். எங்கள் லினக்ஸ் சர்வரில், நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. இப்போது இணைப்புக்கு 3 விநாடி, மொத்தத்துக்கு 10 விநாடி. இந்த இரண்டு எண்களும் இல்லாத எந்தக் கோடையும் (code) நான் ரிவியூவில் விடுவதில்லை.

அப்புறம் கஸிலின் 6-ஆம் பதிப்பிலிருந்து 7-க்கு மாறினோம். பெரிய வலி இல்லை, ஒன்றைத் தவிர. 7-ல், இணைப்புப் பிழையைக் குறிக்கும் கனெக்ட்எக்செப்ஷன் என்பது ரிக்வெஸ்ட்எக்செப்ஷன் என்ற பிழை வகுப்பின் வாரிசு இல்லை. ரிக்வெஸ்ட்எக்செப்ஷனை மட்டும் பிடித்துவந்த பழைய கேட்ச் பிளாக்குகள் (பிழையைக் கையாளும் பகுதிகள்) இணைப்புப் பிழைகளைப் பிடிக்காமல் விட்டன. இரண்டுக்கும் பொதுவான டிரான்ஸ்ஃபர்எக்செப்ஷனைப் பிடித்தால் போதும்.

அந்த மாற்றத்தின்போதுதான் பிஎஸ்ஆர்-18 பக்கம் நகர்ந்தோம். எச்டிடிபி கிளையண்டுகளுக்கான பொது இன்டர்ஃபேஸ் அது. கஸில் 7 அதை நேரடியாக ஆதரிக்கிறது, சிம்ஃபனி என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் கிளையண்டும் அதற்கேற்ற ஒரு வகுப்பைத் தருகிறது. அதனால் கஸிலின் பெயர் இன்று எங்கள் கோடில் ஒரே ஒரு ஃபைலில்தான் இருக்கிறது. இப்படி மாறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கஸிலின் வழக்கமான அழைப்பு 404, 500 வந்தால் எக்செப்ஷன் எறியும், பிஎஸ்ஆர்-18 வழியில் எறியாது, ரீடைரக்டையும் பின்தொடராது. ஸ்டேட்டஸ் கோடை நாமே பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் பகுதியில் இதை விட்டுவிட்டதால், போகாத செய்திகள் இரண்டு நாள் போனதாகவே பதிவாகின.

தரவைக் கேட்டு வாங்கும் ஒரே ஒரு ஜிஇடி அழைப்புள்ள சின்ன ஸ்கிரிப்டுக்கு இவ்வளவும் வேண்டாம், கர்லே போதும். இரண்டாவது வெளிச் சேவை வந்து சேரும்போது நான் தயங்காமல் கஸிலைப் போடுவேன்.