பித்தநாளம் 9 மி.மீ.: அடுத்தது எம்.ஆர்.சி.பி.யா, இ.யூ.எஸ்.ஸா?

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சி.பி.டி. 9 மி.மீ., கீழ்ப்பகுதி தெரியவில்லை’ என்றிருந்தால் எல்லோர் கண்ணும் 9-ல்தான் நிற்கும். கவனிக்க வேண்டியது இரண்டாம் பாதி. சி.பி.டி. என்பது பொதுப் பித்தநாளம், கல்லீரலின் பித்தத்தைச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் குழாய். அதன் கீழ்முனை கணையத்தின் தலைக்குள் இறங்குகிறது. முன்சிறுகுடலின் வாயு அதை மறைத்துவிடும். கல் சிக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். தண்ணீர் குடிக்க வைத்து, வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் சில சமயம் தெரியும்.

அளவு மட்டும் எதையும் சொல்லிவிடாது. 6 மி.மீ. வரை சாதாரணம். அறுபதுக்கு மேல் பத்தாண்டுக்கு 1 மி.மீ. கூட்டிக்கொள்வது வழக்கம். பித்தப்பை எடுத்தவருக்கு 10 வரை போகலாம். பித்தம் அடைபட்டால் இரத்தத்தில் ஏறும் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் சரியாக இருந்து, வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் அவசரமில்லை.

இந்த இரத்த அளவுகள் ஏறியிருந்தால்தான் எம்.ஆர்.சி.பி.யா, இ.யூ.எஸ்.ஸா என்ற போட்டி. எம்.ஆர்.சி.பி. என்பது பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதற்கு மயக்கம் வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, சில மணி நேரம் வெறும் வயிறு போதும். கல்லீரலுக்குள் ஓடும் கிளைகள் முதல் கீழ்முனை வரை மொத்த மரமும் ஒரே படத்தில் கிடைக்கும். மேல்பகுதிச் சுருக்கத்துக்கு இதுதான் சரி. ஆனால் 5 மி.மீ.க்குக் குறைந்த கல் தப்பிவிடும், காற்றுக்குமிழி கல்லாக வேடம் போடும், மூச்சை அடக்க முடியாதவரின் படம் கலங்கிவிடும்.

இ.யூ.எஸ். என்பது எண்டோஸ்கோப் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட். முன்சிறுகுடலிலிருந்து பார்ப்பதால் நாளம் வெகு அருகில். வாயுத் தொல்லை இல்லை. 2, 3 மி.மீ. கல், பித்தச் சேறு, நாளவாயில் இருக்கும் சிறு கட்டி எல்லாம் பிடிபடும். ஊசியால் திசுவும் எடுக்கலாம். மயக்கமருந்து வேண்டும், செய்பவரின் கை பழகியிருக்க வேண்டும். இரைப்பை பைபாஸ் செய்தவருக்கு அந்த இடத்தை எட்டுவதே கடினம்.

கல் சந்தேகமென்றால் எம்.ஆர்.சி.பி.யில் தொடங்கி, அது சுத்தமாக வந்தும் சந்தேகம் தீராவிட்டால் இ.யூ.எஸ். செய்வது எங்கள் தேர்வு. வலியில்லாத காமாலையோடு கணைய நாளமும் விரிந்திருந்தால் முதலில் கணையத்துக்கான சி.டி., பிறகு இ.யூ.எஸ்.

எண்டோஸ்கோப் வழியே நாளத்துக்குள் குழாய் விட்டுப் படமெடுத்து, கல்லையும் அகற்றும் இ.ஆர்.சி.பி. இந்தப் போட்டியிலேயே இல்லை. கணைய அழற்சியை உண்டாக்கக்கூடியதால், வெறும் நோயறிதலுக்கு அதைச் செய்வதில்லை. ஸ்கேனிலேயே நாளத்தில் கல் தெரிந்தாலோ, பித்தநாளத் தொற்று உறுதியானாலோ, விரிந்த நாளத்தோடு பிலிருபின் 4 மி.கி./டெ.லி.யைத் தாண்டினாலோ நேரே அதற்குப் போகலாம். படம் எடுத்துச் சில நாள் ஆகி, இடையில் பிலிருபின் இறங்கியிருந்தால் கல் தானாக நழுவியிருக்கலாம், இ.ஆர்.சி.பி.க்கு முன் மறுபடி பார்த்துவிடுவது நல்லது.