கடவுச்சொல் கேட்கும் உணவகம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1966 முதல் இருக்கிறது சேஃப் ஹவுஸ், உளவாளிகளின் மறைவிடம் போல அமைத்த உணவகம். வாசலில் 'இன்டர்நேஷனல் எக்ஸ்போர்ட்ஸ்' என்றுதான் பலகை. கதவைத் திறந்ததும் ஒரு பெண் கடவுச்சொல் கேட்டார். தெரியாதென்றோம். ஆடிக் காட்டச் சொன்னார். தம்பி அசராமல் ஆடினான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரையில் பார்த்துக் கைதட்டினார்கள்!

எனக்கோ மனசு இரண்டாம் உலகப் போர்க்கால ரகசியச் சொற்களுக்கு, 1944-க்குப் போய்விட்டது. பிபிசியின் பிரெஞ்சு ஒலிபரப்பில் பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் இலையுதிர்காலக் கவிதையின் தொடக்கம் ஜூன் 1-இல் வந்தது. அடுத்த பகுதி ஜூன் 5 இரவு. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கப் போகின்றன, ரயில் பாதைகளைத் தகர்க்கத் தொடங்குங்கள் என்று, ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துக் காத்திருந்த பிரெஞ்சு ரகசியக் குழுவுக்கு அதுதான் உத்தரவு. ஒட்டுக்கேட்ட ஜெர்மானியர்களுக்கும் பொருள் புரிந்துவிட்டது; ஆனாலும் நார்மண்டிக் கரையைக் காத்த அவர்களின் 7-வது படைக்கு எச்சரிக்கை போகவே இல்லை. நெஞ்சு பதறுகிறது.

குழந்தைகளோடு அவசியம் போங்கள். கடவுச்சொல்லை முன்கூட்டியே விசாரித்துவிடாதீர்கள்.