வரி கட்டி வாங்கிய பொம்மைத் துப்பாக்கி

இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்னுடையது. பழைய கடிகாரமோ அக்கம்பக்கத்தாரின் தையல் இயந்திரமோ, ஏதாவது ஒன்று பிரிந்து கிடக்கும். இந்தக் கிறுக்கு தேசிய சேவையில், அதாவது சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியில், பிடித்தது. எம்16 துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னால் மற்றவர்கள் முனகுவார்கள். எனக்கு அந்த வேலைதான் பிடிக்கும்.

அப்படிப்பட்டவன் கண்ணில் போன ஆண்டு ஒரு விளம்பரம் பட்டது. 1911 கைத்துப்பாக்கியின் அசல் அளவு உலோக மாதிரி. பாகங்களை நாமே அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். காணொளியில் ஓர் அமெரிக்கர் தம் வீட்டுப் பட்டறையில் அசல் துப்பாக்கியிலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, 1985 வரை தன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்த பொறி அது. சுட்டதும் குழலும் அதன்மேல் முன்பின் நகரும் உலோக உறையான மேல்சறுக்கும் சிறிது தூரம் ஒன்றாகவே பின்னால் போய், பிறகு குழல் மட்டும் கீழிறங்கிப் பிரியும். அதைக் கையில் வைத்து அசைத்துப் பார்க்கும் ஆசைதான் எனக்கு. சுடும் ஆசை இல்லை.

சிங்கப்பூருக்கு அனுப்பலாமா என்று விற்பவரிடம் கேட்டேன். "சுடாது, வெறும் மாதிரி, எல்லா நாட்டிலும் சட்டப்படி சரி" என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. விலை 195 சிங்கப்பூர் வெள்ளி. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் போட்டு 212 வெள்ளி 55 காசு பிடித்தார்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். வரி வாங்குகிறார்கள் என்றால் தடை இருக்காது என்று நினைத்தேன். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் 2023 முதல் வரி உண்டு. விற்கும் தளமே அதைத் தானாகக் கணக்குப் போட்டுச் சேர்த்துவிடும். பொருள் அனுமதிக்கப்பட்டதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

பொட்டலம் வரவில்லை. அதிகாரிகளின் அழைப்புதான் வந்தது. விசாரணையில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பெட்டியின்மேல் "கதவுக் கீல், உலோகம்" என்று ஒட்டியிருந்தது. தவறு ஒன்றும் இல்லாத பொருளுக்கு எதற்கு அந்தப் பொய்? விற்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தச் சீட்டில் உண்மையாக இருந்தவை என் பெயரும் முகவரியும் மட்டுமே. சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளர் நான்தான்.

இங்கே பொம்மைத் துப்பாக்கியை இறக்குமதி செய்யவே காவல்துறையின் அனுமதி வேண்டும். துப்பாக்கி வடிவில் உள்ள சிகரெட் லைட்டருக்கு முழுத் தடை. அசல் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு என்பது தேசிய சேவை செய்த எனக்குத் தெரியாததல்ல. மாதிரிக்கு அதெல்லாம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். வாக்குமூலம் வாங்கினார்கள், கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் மனைவி என் முகத்தைத்தான் பார்த்தாள்.

விற்பவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வாங்குபவர் தம் நாட்டுச் சட்டத்தைத் தாமே அறிந்திருக்க வேண்டும்" என்று நிபந்தனைகளின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த வாசகத்தை வெட்டி அனுப்பினார். அப்படியானால் அந்த ஐந்து நிமிடப் பதில் எதற்கு என்று கேட்டேன். அதன்பிறகு மௌனம். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். ஆனால் பெயரும் முகவரியும் தெரியாத வெளிநாட்டு ஆளுக்கு எங்கே அழைப்பாணை அனுப்புவது?

இப்படி எதற்காவது பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், பொட்டலம் வந்து சேரட்டும் என்று இருக்காதீர்கள். இன்றே ரத்து செய்யுங்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால் காவல்துறை உரிமப் பிரிவிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விற்பவரின் பதில்களைப் படமெடுத்து வையுங்கள். என்னிடம் இருந்த அந்த ஐந்து நிமிடப் பதிலை அதிகாரி இரண்டு முறை படித்தார்.

விளம்பரம் இன்னும் இருக்கிறது. நேற்று பார்த்தேன், விலை 168 வெள்ளியாகக் குறைந்திருக்கிறது.