ஒரு வாய்த் தண்ணீர்: சுக்காவிலா, வெளியிலா?

சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகையின் 7 நாளும் யூதர்கள் சாப்பாட்டை இலைதழை வேய்ந்த தற்காலிகக் குடிலான சுக்காவில் வைத்துக்கொள்ள வேண்டும். சரி, எதுவரை சாப்பாடு? முட்டை அளவைத் தாண்டிய ரொட்டி என்றால் உள்ளேதான். பழமோ தண்ணீரோ என்றால் வெளியிலும் தடையில்லை.

சட்டம் கேட்டதோடு நிற்பதா, அதற்கு மேலும் போவதா? பழைய யூதச் சட்டநூலான மிஷ்னா இரண்டுக்கும் ஆள் காட்டுகிறது. ரப்பான் (மூத்த அறிஞர் பட்டம்) யோகனான் பென் சக்காயிடம் ருசி பார்க்கக் கொஞ்சம் சமையல் வந்தது. ரப்பான் கமாலியேலுக்கு வந்தது இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு வாளித் தண்ணீரும். இருவருமே "சுக்காவுக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். ரபி சாதோக்கோ முட்டையளவுகூட இல்லாத உணவைத் துணியில் பிடித்து வெளியிலேயே சாப்பிட்டார். (அந்தத் துணி எனக்குப் பிடித்த விவரம்; சலுகையை எடுத்துக்கொண்டவரும் கவனக்குறைவானவர் இல்லை.)

மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்முத் இரண்டு வழியையும் ஏற்கிறது: கூடுதலாகச் செய்பவருக்கு அது அகந்தை ஆகாது. 16ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பான ஷுல்கான் அரூக், தண்ணீரைக்கூட வெளியில் குடிக்காதவரைப் பாராட்டவே செய்கிறது.

ஆனால் மழை வந்தால் கதை மாறும். கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து போகலாம். விலக்கு இருந்தும் நனைந்தபடி உட்கார்ந்திருப்பவருக்குப் பலன் இல்லை, அவர் பாமரர் என்கிறார் போலந்து அறிஞர் ரெமா. ஆனால் லுபாவிட்ச் ஹசீதியர்கள் என்னும் யூதப் பக்திப் பிரிவினர் அப்போதும் எழுவதில்லை. சூப்பில் மழைத்துளி விழ விழச் சாப்பிடுவார்கள்.